கைக்கு வேலை, மனதுக்கு ஓய்வு: வாசகர் கேள்வி–பதில்

பின்னல், ஓவியம், கோலம், தையல் என்று கைவேலைகளில் இறங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பல கடிதங்களில் ஒரே குறை தெரிகிறது: ஓய்வுக்கென்று தொடங்கியது கைவலியாகவோ எரிச்சலாகவோ முடிகிறது. உங்கள் திறமையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். வாங்கிய பொருளையும் உட்காரும் விதத்தையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவு படுத்தால் மனம் அடங்க மறுக்கிறது. வண்ணம் தீட்டினால் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். உண்மையிலேயே உடலில் ஏதாவது மாறுகிறதா, அல்லது வெறும் பேச்சா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேர், களிமண், மார்க்கர் பேனா, காகிதம் ஒட்டிச் செய்யும் படம் ஆகியவற்றில் பிடித்ததை எடுத்துக்கொண்டு 45 நிமிடம் வேலை செய்தார்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசோல் அளக்கப்பட்டது. மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் சுரப்பு அது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அதன் அளவு குறைந்திருந்தது. ஏற்கெனவே படம் வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இதில் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இது சிறிய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, அதே 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவும் இல்லை. எனவே நம்பித் தொடங்கலாம். மருந்துக்கு மாற்றாக நினைக்கக் கூடாது.

உங்களுக்கு இரவுநேரம்தான் சிக்கல் என்பதால் சில விஷயங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குங்கள். வெள்ளை டியூப் விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் ஒளி தரும் மேசைவிளக்கு போதும். கடைகளில் கிடைக்கும் மண்டலா புத்தகங்களில் பல, கட்டங்கள் மிகப் பொடியாக அச்சிட்டவை. களைத்த கண்ணுக்கு அவை ஆகாது. ஒவ்வொரு கட்டமும் குறைந்தது 1 செ.மீ. அகலமாவது உள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். 12 வண்ணப் பென்சில்கள் தாராளம். 48 வண்ணப் பெட்டி வாங்கினால் எந்த நிறம் என்று யோசிப்பதே இன்னொரு அலுவலக வேலை ஆகிவிடும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, லேசாக இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். முதல் பூச்சையே அழுத்திக் கொடுத்தால் தாளின் மேல் மெழுகு வழவழப்பாகப் படிந்துவிடும். அதற்குமேல் அடுத்த நிறம் பிடிக்காது, விரலும் வலிக்கும்.

முடித்த படத்தை அன்றிரவே போட்டோ எடுத்துப் பகிர வேண்டாம். யார் பார்த்தார்கள் என்று கை மறுபடியும் போனைத் தேடும். அதுவரை கிடைத்த அமைதி அதோடு போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, சோர்வு ஆகியவை 2 வாரத்துக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தால் வண்ணப் பென்சிலோடு நிற்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: வயது 60. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடியில் வலி வந்துவிடுகிறது. பின்னியதும் சதுரமாக வராமல் மேலே போகப்போகக் குறுகி முக்கோணம் போல ஆகிறது. விட்டுவிடலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: விட வேண்டாம். இரண்டு குறைக்கும் தனித்தனியே காரணம் உண்டு, இரண்டையும் சரிசெய்யலாம்.

முதலில் வலி. புதிதாகப் பின்னுபவர்கள் பெரும்பாலும் மெல்லிய நூலும் 2 மி.மீ. அளவு ஒல்லி ஊசியும் வாங்கிவிடுகிறார்கள். ஒல்லியான கம்பியை நழுவாமல் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விடாமல் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிள்ளல் முழுவதும் கட்டைவிரல் அடி மூட்டில் வந்து இறங்குகிறது. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அந்த மூட்டுத் தேய்மானம் சாதாரணமாகக் காணப்படுவது. ஆகவே 5.5 மி.மீ. ஊசி, ரப்பர் அல்லது மெத்தென்ற பிளாஸ்டிக் கைப்பிடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். இருக்கும் ஊசியையே பயன்படுத்துவதானால், பேனாவில் மாட்டும் ரப்பர் உறையைப் பிடிக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். நூல் நடுத்தரத் தடிமனில் இருக்கட்டும். நூலின் உறையில் 4 என்ற எண் அச்சிட்டிருந்தால் அதுதான். நிறம் வெளிர் நிறமாகவே இருக்க வேண்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு பறக்கும் நூல் இப்போது வேண்டாம். பிரித்துப் பின்ன வராது.

ஊசியைப் பென்சில் போலப் பிடித்து வலித்தால், காய் நறுக்கும் கத்தியைப் பிடிப்பது போல மேலிருந்து பிடித்துப் பாருங்கள். அப்போது வேலை விரலிலிருந்து முழங்கைக்கு மாறும். மடியில் தலையணை வைத்து இரண்டு முழங்கையையும் அதன் மேல் தாங்கலாகப் போடுங்கள். 20 நிமிடம் பின்னினால் 5 நிமிடம் கையை விரித்து உதறி ஓய்வு. வலி மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கமாக ஏறினாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ ஊசியை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி முக்கோணம். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள், அவ்வளவுதான். அது ஓரத்தில் சாய்ந்து ஒளிந்துகொண்டிருக்கும். இப்படிச் செய்யுங்கள்: 21 செயின் போடுங்கள். ஊசியிலிருந்து எண்ணி 2-வது செயினில் முதல் சிங்கிள் (சிங்கிள் குரோஷா என்ற அடிப்படைக் கண்ணி). கடைசி வரை போனால் 20 சிங்கிள் இருக்கும். 1 செயின் போட்டுத் திருப்புங்கள். அடுத்த வரிசையின் முதல் சிங்கிள், ஊசிக்கு நேர் கீழே உள்ள முதல் கண்ணியிலேயே விழ வேண்டும். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றையோ ஊக்கு ஒன்றையோ மாட்டி வையுங்கள். முதல் 6 வரிசை வரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். 19 வந்தால் அங்கேயே பிரியுங்கள். நாலு வரிசை தாண்டிப் பிரிப்பதுதான் ஆயாசம்.

அடிப்பக்கம் மட்டும் சுருங்கி வில்லாக வளைந்தால் அடிச் செயினை இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். செயினுக்கு மட்டும் 6 மி.மீ. ஊசி எடுங்கள். 20 கண்ணி அகலத்துக்கு 15 முதல் 18 செ.மீ. வரும். ஒரு பாத்திரத் துணிக்கு 50 கிராம் பருத்தி நூல் போதும். முதல் வேலையாகச் சால்வை தொடங்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு வாட்டர்கலர் ஆரம்பித்தேன். தாள் அலை அலையாக எழும்புகிறது. எல்லா நிறமும் கடைசியில் சேற்று நிறம் ஆகிவிடுகிறது. மனம் லேசாவதற்குப் பதில் கோபம்தான் வருகிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: நீங்கள் பயன்படுத்துவது பள்ளி டிராயிங் நோட்டுத் தாளாகத்தான் இருக்க வேண்டும். அது தண்ணீரைத் தாங்காது. நனைந்த இடம் விரிந்து, நனையாத இடம் அப்படியே இருப்பதால் மேடுபள்ளம் விழுகிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரிந்தால் ஏ4 தாளை நான்காகக் கிழித்து அஞ்சலட்டை அளவில் வரையுங்கள். சிறிய படம் ஒரு மணி நேரத்தில் முடியும். ஓய்வுக்கு அதுவே ஏற்றது. தாளின் நான்கு ஓரத்தையும் அட்டைப் பலகையில் காகித டேப்பால் ஒட்டிவிட்டுத் தொடங்கினால், காய்ந்தபின் சமமாக இருக்கும். படம் நன்றாகக் காய்வதற்குள் டேப்பை உரிக்காதீர்கள்.

சேறு வருவதற்குக் காரணங்கள் மூன்று. ஒரே டம்ளர் தண்ணீரில் தூரிகையைக் கழுவி, அதே தண்ணீரில் வண்ணம் கரைப்பது ஒன்று. இரண்டு டம்ளர் வையுங்கள்: ஒன்று கழுவ, மற்றொன்று வண்ணம் தொட. அடுத்தது, மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே கலவையில் சேர்ந்துவிடுவது. மூன்றும் சேர்ந்தால் பழுப்போ சாம்பலோதான் வரும். லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்தால் தெளிந்த பச்சை. கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ந்தால் தெளிந்த ஊதா. ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்போடு நீலத்தைக் கலந்தால் ஊதா மங்கும், ஏனென்றால் அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல் அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து பாருங்கள், நல்ல சாம்பல் கிடைக்கும். கடைசிக் காரணம், பாதி காய்ந்த இடத்தைத் திருத்தப்போவது. தாளில் நீர்ப்பளபளப்பு மறைந்து, தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் நிலையில் ஈரத் தூரிகையை வைத்தால், புது நீர் பழைய வண்ணத்தை ஓரமாகத் தள்ளிக் காலிஃபிளவர் போன்ற கறையை உண்டாக்கும். ஒன்று, முழு ஈரத்தில் செய்யுங்கள்; இல்லை, முழுக்கக் காயவிடுங்கள்.

வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. தூரிகை 8-ம் எண் உருண்டை ஒன்றே போதும்.

கோபம் தணிய ஒரு பயிற்சி. பலகையின் மேல்முனைக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரே நீலத்தை நிறையக் கரைத்து வைத்துக்கொண்டு, மேலிருந்து இடம் வலமாக ஒரு பட்டை இழுங்கள். கீழ் ஓரத்தில் நீர்க்கோடு ஒன்று தேங்கி நிற்கும். அடுத்த பட்டை அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போகட்டும். திரும்பிப் போய்த் தடவாமல் அடிவரை இறக்குங்கள். இதில் மூச்சு தானாகவே நீளும். வேறு எதையும் வரையாமல் ஒரு வாரம் இதை மட்டுமே செய்தாலும் நேரம் வீணில்லை.

உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தில் வண்ணக் கட்டிகளை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் மூடுங்கள்.

கேள்வி: அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். சிக்குக் கோலம் பழக ஆசை. எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றாமல் பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறது. மிச்சத்துக்குத் தனி வளையம் போட வேண்டியிருக்கிறது. முட்டி வலியால் குனியவும் முடியவில்லை.
– வாசகி, சென்னை

பதில்: நீங்கள் 4-க்கு 4, 5-க்கு 5 என்று சதுரமாகப் புள்ளி வைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறோம். அப்படி வைத்தால் தனி வளையம் விழத்தான் செய்யும். உங்கள் கை தவறவில்லை.

நேர்ப்புள்ளியில், ஒவ்வொரு இரண்டு அடுத்தடுத்த புள்ளிக்கு நடுவிலும் கம்பிகள் வெட்டிக்கொண்டு போகும் எளிய சிக்குக் கோலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வரிசை எண்ணிக்கை, ஒரு வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கை இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை தனிக் கம்பிகள் வரும். பள்ளியில் படித்த அதே மீ.பொ.கா.தான். 4-க்கு 4 வைத்தால் 4 கம்பி. 4-க்கு 6 வைத்தால் 2 கம்பி. 3-க்கு 4, 4-க்கு 5, 3-க்கு 5, 5-க்கு 7 எல்லாம் ஒரே கம்பி. கோலத்துக்குள் இருக்கும் கணக்கை அறிஞர்களும் விடவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் கணினியியலுக்குக் கொண்டுபோன ஆய்வு 1974-ல் வெளிவந்தது.

எனவே 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று தொடங்குங்கள். கணக்கு நோட்டில் இரண்டு கட்டத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலும், மேல்கீழ்ப் புள்ளிகளுக்கு நடுவிலும் பென்சிலால் சின்னக் குறி போடுங்கள். மொத்தம் 17 குறி வரும். ஒரு மூலைப் புள்ளியின் வெளிப்பக்கத்திலிருந்து கம்பியைத் தொடங்கிச் சாய்வாக ஒரு குறிக்குப் போங்கள். எந்தச் சாய்வில் நுழைந்தீர்களோ அதே சாய்வில் குறியைக் கடந்து அடுத்த குறிக்குப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் ஓரப் புள்ளியை அணைத்து வளைந்து திரும்புங்கள். தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது 17 குறியிலும் ஒரு வெட்டு விழுந்திருக்கும். ஏதாவது ஒரு குறியில் ஒரே ஒரு கோடுதான் போயிருக்கிறது என்றால், அதற்கு முந்தைய குறியில் நேராகப் போகாமல் திரும்பிவிட்டீர்கள்.

சதுரமாகவே வேண்டும் என்றாலும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் ஓர் இடத்தில் அவற்றை வெட்டவிடாமல், இரண்டையும் எதிரெதிரே வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டும் ஒரே கம்பி ஆகிவிடும். 2-க்கு 2-ல் ஒரு வெட்டை இப்படி மாற்றினாலே போதும். 5-க்கு 5-ல் குறைந்தது 4 இடம் மாற்ற வேண்டும், இரு பக்க ஒப்புமை கெடாமல் செய்வது பெரிய சவால். பென்சில் பழக்கம் வந்த பிறகு மாலைப்பொழுதுக்கு இதைவிட நல்ல புதிர் வேறில்லை என்பது எங்கள் கருத்து. இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வரும் இடுக்குப் புள்ளிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முட்டி வலிக்கு: தரையை விடுங்கள். 2 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து இடுப்பு உயர மேசையில் வைத்துக்கொண்டு போடுங்கள். சாக்பீஸிலும் போடலாம், மாவிலும் போடலாம். மாவானால் கடை அரிசிமாவு ஆகாது. மிக நைசாக இருப்பதால் விரலில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். ஊறவைக்காத பச்சரிசியை மிக்ஸியில் சற்று நறநறவென்று அரைத்து, சலித்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் கம்பி ஒரே சீராக இறங்கும். கல்மாவு வழுவழுவென்று விழும்தான், ஆனால் பால்கனி மூலையில் அதன் தூசி மூக்குக்குள் போகும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

தரையில் குனிந்தே போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வெகுநேரம் குனிந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றலாம். சுவரைப் பிடித்து மெதுவாக நிமிருங்கள்.

கேள்வி: எதைத் தொடங்கினாலும் பத்து நாளில் விட்டுவிடுகிறேன். என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அலமாரிக்குள் வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில், எடுத்தவுடன் தொடங்கும்படி திறந்தே இருக்கட்டும். ஒரு வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்காமல், அடுத்த வரிசையில் நாலு தையல் போட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இருக்காது. அப்படியும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள், குற்றவுணர்ச்சி தேவையில்லை.

கேள்வி: வயது 52, சர்க்கரை நோய் உண்டு. துணியில் பெருக்கல் குறி போலத் தைக்கும் கிராஸ் ஸ்டிச் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது கண் எரிகிறது, தலை வலிக்கிறது. தொடரலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் கண் பரிசோதனை. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டியே ஆக வேண்டும். பரிசோதனையின்போது, தையல் பிடிக்கும் தூரத்தை டேப்பால் அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடி, மடியில் வைத்துத் தைக்கும் தூரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பலருக்குத் தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

துணி 18 கவுண்ட் என்றால் 14-க்கு அல்லது 11-க்கு இறங்குங்கள். 14 கவுண்ட் என்பது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். 70 தையல் அகலமுள்ள படம் அதில் 5 அங்குலம் வரும். 11 கவுண்டில் 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். துணியை அதற்கேற்ப, நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். 14 கவுண்டுக்கு 24-ம் எண் மொண்டி முனை ஊசி, ஆறு இழையில் இரண்டு இழை. நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் துணிக்குள் போய்வந்து தேய்ந்து முடிச்சு விழும், அந்த முடிச்சைத் தேடித்தான் கண் களைக்கிறது. வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கமாக, தோளுக்கு மேலிருந்து விழட்டும். வெள்ளைத் துணியில் தைக்கும்போது மடியில் அடர் நிறத் துணியும், அடர் நிறத் துணியில் தைக்கும்போது வெள்ளைத் துணியும் விரித்துக்கொண்டால் துளைகள் பளிச்சென்று தெரியும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். அப்போது கண்ணை நன்றாகச் சிமிட்டுங்கள். உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது குறைவதால்தான் எரிச்சல்.

விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கூர்முனை ஊசியும் ஆரி ஊசியும் தவிர்த்து, மொண்டி முனை ஊசியோடு நிற்பது நல்லது. குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, ஆறும்வரை கவனியுங்கள்.

கேள்வி: ரெசின் ஆர்ட் செய்கிறேன். படுக்கையறையில் கதவைச் சாத்திவிட்டுச் செய்தால்தான் நிம்மதி. ஆனால் தலைவலி வருகிறது, விரலில் அரிப்பு. சில நேரம் இரண்டு நாளானாலும் பிசுபிசுப்பு போவதில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: உடனே நிறுத்துங்கள். அரிப்பு என்பது எச்சரிக்கை. இறுகாத எபாக்சி ரெசின் தோலில் படப்பட ஒவ்வாமை ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் அதன்பிறகு துளி பட்டாலும் தடிக்கும். அரிப்பு முழுக்க ஆறி, தோல் மருத்துவர் சரியென்று சொன்ன பிறகுதான் மறுபடி யோசிக்க வேண்டும். அப்போதும் படுக்கையறை கூடாது. இரு பக்கம் காற்றோட்டமுள்ள இடம், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை இவை இல்லாமல் தொடாதீர்கள். கையில் பட்டால் தின்னராலோ அசிட்டோனாலோ துடைக்காதீர்கள். அவை ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஏற்றும். சோப்பும் தண்ணீரும்தான். இறுகிய பொருளை உப்புத்தாளால் தேய்ப்பதானால் நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் போடுங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அளவுப்பிழை. சில தயாரிப்பில் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் 1-க்கு 1, சிலவற்றில் 2-க்கு 1 அல்லது 3-க்கு 1. அந்த அளவு எடையிலா, கொள்ளளவிலா என்று டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகவே இறுகாது. 3 நிமிடமாவது, கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். கலந்த ரெசினைக் கோப்பையிலேயே நிறைய விட்டுவைத்தால் தானாகச் சூடேறிப் புகையும், ஆகவே ஒரு வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.